லாட்ஜ் வைத்தியரின் புதிய லேகியம்

நான் பிளஸ் டூ படித்த காலத்தில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்து ஆண்கள் கழிப்பறைச் சுவரில் ஒரு நோட்டீஸ் எப்போதும் ஒட்டியிருக்கும். மாதத்தில் இரண்டு நாள், எதிரே உள்ள லாட்ஜில், இன்ன எண் அறையில் வைத்தியர் தங்குவார், நேரில் வரலாம், ரகசியம் காக்கப்படும். அதன் கீழே அறிகுறிகள்: உடல் களைப்பு, ஞாபக மறதி, கன்னம் ஒட்டுதல், படிப்பில் நாட்டமின்மை, தூக்கத்தில் விந்து போதல், பெண்களைக் கண்டால் கூச்சம். அரையாண்டுத் தேர்வு முடிந்த ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை முழுக்கப் படித்தேன். ஆறுக்கு ஆறு எனக்கு இருந்தது. வீடு வந்து சேரும்வரை, நான் அதிக நாள் இருக்க மாட்டேன் என்றே நம்பினேன்.

அந்த வைத்தியரின் திறமை லேகியத்தில் இல்லை, பட்டியலில்தான் இருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பதினேழு வயதுப் பையன் எவனுக்கும் இருக்கக்கூடியதையெல்லாம் நோய் என்று எழுதி வைத்துவிட்டால் போதும். பையன் தானே படியேறி வருவான்.

சென்ற இதழில் இன்றைய இளைஞர்களின் ஆண்மை பற்றி நண்பர் எழுதிய நீண்ட கட்டுரையைப் படித்தபோது அந்தக் கழிப்பறையின் பினாயில் வாடை மறுபடி அடித்தது. இவரிடமும் பட்டியல் இருக்கிறது. பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறாயா? நண்பர்கள் பார்க்க அழுதிருக்கிறாயா? முடிவெடுக்கும் முன் அம்மாவிடம் யோசனை கேட்கிறாயா? செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாயா? அப்படியானால் நீ பீட்டா. லேகியமும் தயார்: நெஞ்சை நிமிர்த்து, அழாதே, விளக்கம் சொல்லாதே, பெண் பேச்சைக் கேட்காதே, ஆல்ஃபா ஆகு.

அவர் வாதத்தைத் திரித்துவிட்டேன் என்ற பேச்சு பிறகு வரக்கூடாது. எனவே அவர் சொன்ன வரிசையிலேயே வைக்கிறேன். ஏற்றத்தாழ்வு இயற்கையின் சட்டம், லாப்ஸ்டரைப் பார். ஓநாய்க் கூட்டத்துக்கு ஓர் ஆல்ஃபா உண்டு. மனிதக் கூட்டத்துக்கும் உண்டு. பெண்கள் அத்தனை பேரும் உச்சியில் இருக்கும் இருபது சதவீத ஆண்களையே நாடுகிறார்கள். சமையலறைக்கும் தொட்டிலுக்கும் இழுத்துவரப்பட்டதால் ஆணின் டெஸ்டோஸ்டிரோன் வற்றிவிட்டது. ஆண்களின் தற்கொலை அதன் விளைவு. நம் முன்னோர் இதையெல்லாம் அறிந்திருந்தார்கள்; வள்ளுவரே ஆண்மையைப் போற்றியிருக்கிறார். இவற்றில் எதுவும் நண்பரின் சொந்தச் சரக்கில்லை. ஆங்கில யூடியூபில் வருடக்கணக்காக விற்பதை வாங்கித் தமிழ்ப் புட்டியில் அடைத்திருக்கிறார். அது குற்றமில்லை. புட்டியில் என்ன இருக்கிறது என்று முகர்ந்தாவது பார்க்காததுதான் குற்றம்.

லாப்ஸ்டரிலிருந்து தொடங்குவோம். கனடாவின் உளவியலாளர் ஜோர்டன் பீட்டர்சன் 2018இல் வெளியிட்ட ‘12 ரூல்ஸ் ஃபார் லைஃப்’ நூலின் முதல் விதி, தோளை விரித்து நிமிர்ந்து நில் என்பது. அதற்கு அவர் கூட்டிவரும் ஆசான் லாப்ஸ்டர். சண்டையில் வென்ற லாப்ஸ்டர் உடலில் செரட்டோனின் என்ற ரசாயனம் ஓங்குகிறது, அது விறைத்து நிற்கிறது; தோற்றது ஒடுங்குகிறது. அதே ரசாயனம் மனித நரம்பிலும் ஓடுகிறது. ஆகவே படிநிலை என்பது யாரோ ஆணாதிக்கவாதிகள் கண்டுபிடித்ததல்ல, மரங்கள் தோன்றும் முன்பே இருந்தது என்பது அவர் வாதம். நண்பர் இதை வரிக்கு வரி வழிமொழிகிறார்.

நண்பர் எந்த லாப்ஸ்டரைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பீட்டர்சன் சொல்வது வட அட்லாண்டிக்கின் குளிர் நீரில் வாழும், இரண்டு பெரிய கொடுக்கு கொண்ட இனம். நம் கரையில் வலையேறும் சிங்கி இறாலுக்கு அந்தக் கொடுக்கே கிடையாது. நீண்ட மீசையும் மேலெல்லாம் முள்ளும்தான். இந்த வகை இறால்கள் பகலில் பாறை இடுக்குகளில் பலவாகச் சேர்ந்து ஒண்டிக் கிடக்கும். இவற்றின் கரீபிய உறவினம் இலையுதிர்காலப் புயல் அடித்ததும் கடலடியில் ஒன்றன் பின் ஒன்றாக, முன்னே போவதை மீசையால் தொட்டபடி, ரேஷன் கடை வரிசை மாதிரி நெடுந்தூரம் நடந்து போகிறது. அப்படி வரிசையில் நடந்தால் நீரின் இழுவை குறைகிறது. பீட்டர்சன் கனடாவில் பிறக்காமல் குளச்சலில் பிறந்திருந்தால் அவருடைய முதல் விதி ‘வரிசையில் நில், முன்னால் இருப்பவரைத் தொட்டுக்கொள்’ என்று இருந்திருக்கும். எந்தக் கடலில் வலை வீசுகிறோமோ அந்தக் கடலின் நீதிதான் சிக்கும்.

சரி, அட்லாண்டிக் லாப்ஸ்டரையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் யெல்லே அட்டெமா போன்ற ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தொட்டி முன் உட்கார்ந்து கவனித்தது இது. ஓடு உரிக்கும் பருவம் நெருங்கிய பெண் லாப்ஸ்டர், வலுத்த ஆணின் வளை வாசலுக்கு வந்து தன் சிறுநீரை உள்ளே பீய்ச்சுகிறது. சிறுநீர் வெளியேறுவது முகத்திலிருந்து. அந்த வாசனை ஏற ஏற, அக்கம்பக்கத்தையெல்லாம் மிரட்டிக்கொண்டிருந்த ரௌடி சாந்தமாகிறான். அவள் ஓட்டை உரித்துவிட்டு மெத்தென்று கிடக்கும் நாட்களில் அவன் காவல் இருக்கிறான். ஓடு இறுகியதும் அவள் தன் வழியே போய்விடுகிறாள், அடுத்தவள் வருகிறாள். இந்தக் குடும்பத்தில் முடிவெடுப்பது யார்? முதல் விதியோடு இந்த விதியையும் நண்பர் சேர்த்து எழுதியிருந்தால் அவருடைய நேர்மையை மெச்சியிருப்பேன்.

செரட்டோனினும் அவருக்குக் கைகொடுக்காது. தனியே திரியும் பாலைவன வெட்டுக்கிளியின் உடலில் இதே செரட்டோனின் ஏறும்போது அது தன் இனத்தை விலக்குவதை விட்டுக் கூட்டத்தில் சேர்கிறது என்று 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வு வந்தது. லாப்ஸ்டரில் அதே ரசாயனம் சண்டைக்கு நிற்கச் சொல்கிறது. மனித உடலிலோ அதன் பெரும்பகுதி இருப்பது குடலில். அங்கே அதன் முக்கிய வேலை ஜீரணப் பாதையை நகர வைப்பது. ஐம்பது கோடி வருடங்களுக்கும் முன்பு பிரிந்த உறவினரிடம் ஒரு ரசாயனத்தைக் கண்டுவிட்டு, அதிலிருந்து கல்யாணத்துக்கும் ஆபீஸுக்கும் சட்டம் எழுதுவதை அறிவியல் என்று சொல்ல முடியாது. ஜோசியம் என்று சொல்லலாம். கிளிக்குப் பதில் லாப்ஸ்டர் சீட்டு எடுக்கிறது.

அடுத்தவர் ஓநாய். ஆல்ஃபா என்ற சொல் பிரபலமானதே இங்கிருந்துதான் என்பதால் இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கியலாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து 1947இல் ஒரு கட்டுரை எழுதினார். கூண்டுக்குள் ஓநாய்கள் முறைத்துக்கொண்டன, கடித்துக்கொண்டன, மேல் கீழ் என்று வரிசைப்பட்டன. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய ‘தி வுல்ஃப்’ நூல் அந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோனது. ஜிம் சுவரில் ஓநாய்ப் படம் தொங்குவதற்கும், பையன்கள் முன்கையில் ஓநாய் பச்சை குத்திக்கொள்வதற்கும் வேர் அங்கே இருக்கிறது.

பிறகு மீச் செய்ததுதான் நண்பர் கேள்விப்படாத பகுதி. 1986 முதல் பல கோடைகளை அவர் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு கழித்தார். அங்கே அரியணைச் சண்டை எதையும் அவர் காணவில்லை. 1999இல் எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். முன்னால் நடக்கும் இரண்டும் பெற்றோர். பின்னால் வருபவை அவர்களுடைய குட்டிகள். குட்டி வளர்ந்ததும் துணை தேடித் தனிக்குடித்தனம் போய்விடும். பிள்ளை குட்டி பெற்ற எந்த ஓநாயும் ‘ஆல்ஃபா’தான். பாசலில் நடந்தது, உறவில்லாதவர்களைப் பிடித்து ஒரே கூண்டில் அடைத்ததன் விளைவு. ஜெயிலில் கைதிகளைக் கவனித்துவிட்டு மனிதக் குடும்பம் இப்படித்தான் என்று எழுதுவது போல. மீச் தன் பழைய நூலையே நிறுத்திவிடுமாறு பதிப்பாளரிடம் பல வருடம் மன்றாடினார். 2022இல்தான் அது நின்றது. எழுதியவரே திரும்பப் பெற்ற சரக்கை நண்பர் இன்னும் புதுசு என்று விற்றுக்கொண்டிருக்கிறார்.

எனவே ஆல்ஃபா ஆணுக்குச் சரியான தமிழ்ச் சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது: அப்பா.

ஓநாய் கைவிட்டால் சிம்பன்சி இருக்கிறதே என்பார்கள். அங்கேயும் எச்சரிக்கை தேவை. ஃபிரான்ஸ் டி வால் நெதர்லாந்தின் ஆர்னம் நகரப் பூங்காவில் சிம்பன்சிகளைக் கவனித்து 1982இல் ‘சிம்பன்சி பாலிடிக்ஸ்’ எழுதினார். 1994இல் அமெரிக்க அரசியல்வாதி நியூட் கிங்ரிச் புதிதாக வந்த கட்சி உறுப்பினர்களுக்கு அதைப் பரிந்துரைத்த பிறகு ஆல்ஃபா என்ற சொல் அரசியலிலும் வணிகத்திலும் பரவியது. அந்தச் சொல்லை முரடனுக்குப் பட்டமாக்கிவிட்டார்களே என்று டி வால் கடைசிவரை அலுத்துக்கொண்டார். அவர் கண்ட நல்ல தலைவன் சண்டையை விலக்கிவிடுபவன், அடி வாங்குபவன் பக்கம் நிற்பவன், துயரத்தில் இருப்பதைத் தேற்றுபவன். கூட்டாளிகள் இருந்தால் உடம்பில் சிறியதும் தலைவனாகலாம். ஆர்னத்தில் லாய்ட் என்ற வலுத்த ஆணை 1980இல் ஓர் இரவு மற்ற இரண்டு ஆண்கள் சேர்ந்து குதறின, விரைகளைக்கூட விட்டுவைக்கவில்லை, அது பிழைக்கவில்லை. தனிமரமாக உச்சியில் நில் என்று உபதேசிப்பவர்கள் லாய்டின் முடிவையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இருபது சதவீதக் கணக்குக்கு வருவோம். இது பெரும்பாலும் போய் நிற்கும் இடம், ஓகேக்யூபிட் என்ற அமெரிக்க டேட்டிங் தளம் 2009இல் வெளியிட்ட சில வரைபடங்கள். பெண்கள் எண்பது சதவீத ஆண்களின் படங்களுக்குச் சராசரிக்கும் கீழே மதிப்பெண் போட்டார்கள். நண்பர் இதோடு நிறுத்துகிறார். அதே பதிவின் அடுத்த பகுதி: அப்படி மதிப்பெண் போட்ட பெண்கள், அந்தச் சுமாரான ஆண்களுக்குத்தான் மடலும் எழுதினார்கள். ஆண்கள் பெண்களுக்குத் தாராளமாக மதிப்பெண் போட்டார்கள். ஆனால் அவர்களுடைய மடல்களில் பெரும்பகுதி அழகில் முதல் வரிசைப் பெண்களிடமே குவிந்தது. மதிப்பெண்ணில் கறார், மனதில் தாராளம் ஒரு பக்கம், மறுபக்கம் தலைகீழ். பாதி வரைபடத்தைக் காட்டிப் பையன்களைப் பயமுறுத்துவதற்கும், எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்து நோய் சொல்வதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அமெரிக்கச் செயலி கிடக்கட்டும். நம் நாட்டில் ஆணைப் பெண் தேர்ந்தெடுக்கிறாள் என்று தொடங்குவதற்கே தனித் துணிச்சல் வேண்டும். இங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் சாதிக்குள்ளேயே முடிகின்றன. சல்லடை பெண்ணின் கையில் இல்லை. அப்பா, மாமா, ஜாதகம், சம்பளச் சீட்டு, இவற்றின் கையில் இருக்கிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், மனைவி கௌசல்யாவின் கண்முன்னே சங்கரை வெட்டிக் கொன்றார்கள். சங்கர் தலித், பொறியியல் மாணவர். பெண்ணை அவள் போக்கில் விட்டால் பணத்தையும் பட்டத்தையும் அந்தஸ்தையும் தேடித்தான் போவாள் என்பது நண்பரின் சித்தாந்தம். கௌசல்யா அப்படிப் போகவில்லை. அவர் தேர்ந்த ஆணைக் கொன்றது பெண்ணியம் அல்ல. வரிசையில் யார் மேலே யார் கீழே என்பதை அரிவாளால் காக்க வந்த ஆண்மை. படிநிலை இயற்கையானது என்று லாப்ஸ்டரைக் காட்டிக் கொஞ்சிப் பேசுபவர்கள், அந்தச் சொல் நம் மண்ணில் எங்கே போய் முடியும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

தொட்டிலும் டெஸ்டோஸ்டிரோனும். இதில் நண்பர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு; அதனால்தான் ஆபத்து. பிலிப்பைன்ஸின் செபுவில் 624 இளைஞர்களைச் சில வருட இடைவெளியில் இருமுறை சோதித்து 2011இல் ஒரு ஆய்வு வந்தது. அப்பாவான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கணிசமாக இறங்கியிருந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது இன்னும் குறைவு. நண்பர் இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறார். அதே ஆய்வு சொல்லும் இன்னொன்று: தொடக்கத்தில் ஹார்மோன் அதிகம் இருந்த ஆண்கள்தான் துணை தேடி அப்பாவாகும் வாய்ப்பும் அதிகம் பெற்றிருந்தார்கள். ஏறியது இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குகிறது. குழந்தை அழும்போது எழுந்து தூக்க வேண்டியவனுக்கு, ஊரோடு மல்லுக்கு நிற்கும் ரத்தம் எதற்கு? இயற்கையே சட்டம் என்று ஆரம்பித்தவர், இயற்கை தொட்டில் பக்கம் கைகாட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. சமையலறைக்குள் இழுத்துவரப்பட்ட ஆண் என்கிறாரே, யார் அந்த ஆண்? 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை எதையாவது செய்த ஆண்கள் 26.1 சதவீதம்; பெண்கள் 81.2 சதவீதம். வேலை செய்தவர்களிலும் ஆண் செலவிட்டது சராசரியாக 97 நிமிடம், பெண் 299 நிமிடம். நான்கில் மூன்று ஆண்கள் அன்றைக்குத் துடைப்பத்தையே தொடவில்லை. தொடாத துடைப்பம் ஆண்மையைப் பெருக்கித் தள்ளிவிட்டது என்றால் அது மந்திரத் துடைப்பமாகத்தான் இருக்க வேண்டும்.

இனி வருவதைக் கிண்டலாக எழுத எனக்கு மனமில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் இந்தியாவில் தற்கொலையில் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள். ஆண்களின் துயரத்தைப் பேச வேண்டும் என்று நண்பர் சொல்லும் இடத்தில் நான் அவரோடு நிற்கிறேன். ஆனால் அந்த அறிக்கையைத் திறந்து பார்த்தால், இறந்தவர்களில் 26.4 சதவீதம் தினக்கூலிகள். காரணங்களில் முன்னால் நிற்பவை குடும்பப் பிரச்சினையும் நோயும். குடும்பப் பிரச்சினை என்றதும் ‘பார்த்தீர்களா, மனைவிதான்’ என்று பாய வேண்டாம். யார் தவறு என்று அந்தத் தலைப்பு சொல்லவில்லை. கூலி கிடைக்காத நாள், நோய்ச் செலவு, குடி, வீட்டில் முகம் கொடுத்துப் பேச முடியாத வெட்கம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருபவை. அந்த மனிதனிடம் போய் அழாதே, யாரிடமும் விளக்கம் சொல்லாதே, பலவீனத்தைக் காட்டாதே என்கிறார் நண்பர். மூச்சு முட்டுகிறவன் வாயைப் பொத்தும் யோசனை இது. லாட்ஜ் வைத்தியரின் லேகியம் வெல்லப்பாகு. உடம்புக்குக் கெடுதல் செய்திருக்காது. இது அப்படியல்ல.

கடைசியாக வள்ளுவரைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டவர் குறளைத் திறந்திருக்கலாம். பேராண்மை என்ற பெரிய சொல்லை வள்ளுவர் 148ஆம் குறளில் எதற்குச் செலவழிக்கிறார்? அடுத்தவன் மனைவியை ஏறெடுத்துப் பார்க்காமல் இருப்பதற்கு. 773இல் அதே சொல் போர்க்களத்தில் வருகிறது; உடனே, பகைவனுக்கு ஓர் இடுக்கண் வந்தால் உதவுவதுதான் அதன் கூர்முனை என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறார். 1026இல் நல்லாண்மை என்பது பிறந்த குடியைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு. தாளாண்மை முயற்சி, வேளாண்மை பிறர்க்கு உதவுவது. ஒன்றிலும் நெஞ்சை நிமிர்த்திப் படம் எடுத்துக்கொள்ளும் ஆள் இல்லை. பெண்வழிச்சேறல் அதிகாரத்தை நண்பர் நீட்டக்கூடும். அது இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தப் பத்துக் குறளோடு எனக்கு உடன்பாடில்லை, அவ்வளவுதான். ஆண்மை என்ற சொல்லே பெண்ணைத் தாழ்த்துகிறது, அது அழிந்தால்தான் பெண்ணுக்கு விடுதலை என்று பெரியார் எழுதி ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. அதை மறுப்பதானால் மறுக்கட்டும். தமிழில் இந்த விவாதமே நடக்காதது போல, கனடாவிலிருந்து இறால் இறக்குமதி செய்வதுதான் வேடிக்கை.

இறக்குமதி என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘சிவப்பு மாத்திரையை விழுங்கி விழித்துக்கொள்’ என்று முடிக்கிறார் நண்பர். அந்த மாத்திரை 1999இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்துடையது. படத்தை எடுத்த லானா, லில்லி வச்சோவ்ஸ்கி இருவரும் திருநங்கைகள். பால் மாற்றத்தின் உருவகமாகத்தான் அந்தக் கதையை யோசித்தோம் என்று லில்லி 2020இல் சொன்னார். ஆண்மையை மீட்கக் கிளம்பியவர்கள் எந்தக் கடையில் மாத்திரை வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூன் போடாதே, அறையைச் சுத்தமாக வை, உடம்பைப் பார்த்துக்கொள், ஒரு வேலையைக் கற்றுக்கொள்: இந்த யோசனைகளில் தப்பே இல்லை. என் அப்பத்தா இதையெல்லாம் தினமும் சொன்னாள். மாதச் சந்தா வாங்கவில்லை, கடல் பிராணி எதையும் துணைக்கு அழைக்கவும் இல்லை. படித்துவிட்டு வேலையில்லாமல், பேச ஆளில்லாமல், இரவு இரண்டு மணிக்குப் போனை வெறித்துக்கொண்டிருக்கும் பையன்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. நண்பர் அவர்களைப் பார்த்திருக்கிறார். நான் சார்ந்த முற்போக்குக் கூட்டம் அவர்களைப் பார்க்கத் தவறியிருக்கிறது. லாட்ஜ் அறைக்குப் பையன்கள் ஏறிப்போனதற்கு, வீட்டிலும் பள்ளியிலும் உடம்பைப் பற்றி ஒருவரும் அவர்களிடம் பேசாததும் காரணம்தானே.

என் அக்கா மகன் அப்படி ஒருவன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போன வருடம் என் அப்பாவுக்கு புராஸ்டேட் ஆபரேஷன் ஆனபோது இரவுத் துணைக்கு வந்தான். ஆண்கள் வார்டில் இரவு பெண்கள் தங்கக் கூடாது என்று அம்மாவையும் அக்காவையும் அனுப்பிவிட்டார்கள். அதனால் அந்த நீளமான கூடத்தில் ராத்திரி முழுக்க ஆண்களே ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாமனாருக்குக் கஞ்சி ஊட்டினார். ஒருவர் அண்ணனின் கால் விரல்களுக்கு இடையே பவுடர் போட்டார். இவன் காதில் இயர்போன். என்ன கேட்கிறாய் என்று வாங்கிக் கேட்டேன். ஆல்ஃபா எப்படி அறைக்குள் நுழைய வேண்டும் என்று ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார்.

நடுராத்திரி அப்பாவின் யூரின் பேக் நிரம்பிவிட்டது. “சிஸ்டரைக் கூப்பிடுவோமா மாமா?” என்றான், எழாமலே. பக்கத்துக் கட்டிலில் தம்பிக்குத் துணையாக இருந்தவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அவர் எழுந்து வந்தார். “இங்க பாரு தம்பி. அடியில இருக்கிற மூடியைத் திருகு. கேன்ல கோடு போட்டிருக்கும். எத்தனைன்னு பார்த்துச் சீட்டுல எழுதிடு, காலையில டாக்டர் கேப்பாரு.” பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்தான். 350 என்று எழுதினான்.

மூன்றாம் நாள் ராத்திரி விழித்துப் பார்த்தபோது அவன் கட்டிலில் இல்லை. மூன்று கட்டில் தள்ளி, துணைக்கு ஆளில்லாத ஒரு கிழவரின் பேக்கைக் காலி செய்துகொண்டிருந்தான். திரும்பி வந்து, வலியில் முனகிய தாத்தாவின் காலைப் பிடித்துவிட்டான். வாழ்நாளில் யார் முன்னாலும் கண் கலங்காத என் அப்பா அன்றைக்கு அழுதார். பையனும் அழுதான். இயர்போன் சார்ஜர் பக்கத்தில் சுருண்டு கிடந்தது.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். மூட்டைக்காரர் வாசல்வரை வந்தார். “டேய், கூன் போடாம நட” என்று அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார். சுமந்து சுமந்து அவருடைய முதுகு வில்லாக வளைந்திருந்தது. பையன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான்.